ஆறுமுகநயினார் தேடிய பிளேட்டு

தென்காசியில் சோடாக் கம்பெனி வைத்திருந்த ஆறுமுகநயினாருக்கு எதுவுமே பிடிக்காது என்று ஊரில் பேச்சு. அது முழு உண்மையல்ல. ஒன்றே ஒன்று அவருக்குப் பிடிக்கும். கோயிலில் ஓதுவார்கள் பாடுகிற பழைய பதிகங்களும் அவற்றின் பண்களும். ஆயிரம் வருஷத்துச் சங்கீதம் அது, மற்றதெல்லாம் நேற்று முளைத்தது என்பார். ஆனால் அதைப் பாடுகிற ஓதுவார்களை அவருக்குப் பிடிக்காது. இடி விழுந்து எரிந்து மொட்டையாக நின்ற கோபுரத்தின் கீழே நுழைந்து, சாயரட்சை நேரத்தில் விசுவநாதர் சந்நிதியில் போய் நிற்பார். ஓதுவார் வாயைத் திறந்ததும் கண்ணை மூடுவார். முதல் பாட்டு முடிவதற்குள் கண்ணைத் திறந்துவிடுவார்.

"காப்பிக் கிளப்ப மூடிருவானோன்னு பயந்து பாடுதாரு" என்பார் வெளியே வந்து. "சாமிக்கே மூச்சு வாங்கும்."

அவர் பாடி யாரும் கேட்டதில்லை. இள வயதில் கொஞ்ச காலம் பாட்டுக் கற்றுக்கொண்டாராம். வாத்தியார் ஒரு நாள் அவரை உட்காரவைத்து, "தம்பி, ஒமக்குக் காது நல்லாருக்கு. அதோட நிறுத்திக்கிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இதை ஆறுமுகநயினார் சொன்னதில்லை. அவர் மனைவி ஆவுடைத்தாய்தான், அவர் இல்லாத சமயம் பார்த்து, வந்து போகிறவர்களிடம் சொல்லுவாள்.

பாட்டுப் பெட்டி தென்காசிக்கு வந்த புதிதில், ரதவீதி ஜவுளிக்கடை ஒன்றில் பெரிய ஊதுகுழல் வைத்த பெட்டியை வாசலில் வைத்துப் பாடவிட்டார்கள். தெருவே திரண்டு வாயைப் பிளந்து நின்றது. ஆறுமுகநயினாரும் நின்று ஒரு பிளேட்டை முழுசாகக் கேட்டார். யாரோ ஒருவர் தொண்டை நரம்பு தெறிக்கக் கத்தினார். முடிவில் தன் பேரைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டார்.

கடைக்காரர் பெருமையாக, "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"கெணத்துக்குள்ள விழுந்தவன் கயிறு கேக்க மாதிரி இருக்கு. பேரையும் சொல்லுதான் பாரும், தூக்கிவிட்ட பொறவு யாருன்னு தெரியணும்லா."

ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவருக்குள் ஒரு எண்ணம் புகுந்துகொண்டது. கத்துகிறவன் குரலைப் பிடித்து அரக்குப் பிளேட்டில் அழுத்தி வைக்க முடியும் என்றால், அவசரமில்லாமல், சுத்தமாகப் பண் பாடுகிற ஒருவனையும் எவனாவது எங்கேயாவது பிடித்து வைத்திருப்பான் அல்லவா? மூன்று நிமிஷமானாலும் போதும். அந்த மூன்று நிமிஷத்தைத் தேடிப் பிடித்துவிட வேண்டும்.

திருநெல்வேலிக்குப் போய்ப் பெட்டிபோல மூடி எடுத்துக்கொண்டு போகிற கிராமபோன் ஒன்றை வாங்கி வந்தார். பிறகு பிளேட்டுகளைத் தேடத் தொடங்கினார். திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி என்று சோடாவுக்குக் கோலியும் எசன்ஸும் வாங்கப் போகிற ஊரிலெல்லாம் பிளேட்டுக் கடைக்குள் நுழைந்து, பக்திப் பாட்டு என்று இருப்பதையெல்லாம் போடச் சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லுவார். இவன் சளி பிடித்துக்கொண்டு பாடுகிறான். இவளுக்குப் பின்னால் யாரோ அப்பளம் பொரிக்கிறார்கள். இதில் பதிகம் எங்கே இருக்கிறது, ஆர்மோனியம் அல்லவா பாடுகிறது. கடைசியில் ஒன்றும் வாங்காமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மதுரைக் கடைக்காரர் ஒருவர், அவர் தலையைத் தெருமுனையில் கண்டதும் பெட்டி ரிப்பேர் என்று சொல்லிவிடும்படி ஆளிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஆர்மோனியத்தின் மேல் அவருக்கு இருந்த வெறுப்புக்கு அளவில்லை. வெள்ளைக்காரன் கோயிலில் வாசிக்கச் செய்த பெட்டியில் நம் பண்ணின் நெளிவு எப்படி வரும் என்பது அவர் கட்சி. பாடகர் ஒரு பக்கம் போக, ஆர்மோனியக்காரன் குறுக்கே விழுந்து அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவதைக் கேட்டால், கடன்காரன் துரத்துகிறது போலிருக்கிறது என்பார்.

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் சீசன். பெரிய அருவிக்குப் போகிற வழியில் அவர் கம்பெனிக்கு ஒரு சோடாக் கொட்டகை உண்டு. பங்களாக்களில் வக்கீல்களும் ஜமீன்தார்களும் டாக்டர்களும் வந்து தங்குவார்கள். பாதிப் பேர் பெட்டியும் பிளேட்டுமாக வருவார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு சங்கீதம் கேட்பார்கள். பண் இருக்கிறதா என்று தேடி ஆறுமுகநயினார் அந்தப் பங்களாக்களுக்கும் போவார். பிளேட்டு ஓடி முடிவதற்குள் சொந்தக்காரர்கள் குறட்டை விடுவார்கள். "கேக்கதுக்கு ஆள் இல்லாததனாலதான் பெட்டிக்குப் பாட்டு" என்று திரும்பி வந்து சொல்லுவார்.

கொட்டகையில் அவருக்கு இன்னொரு தொல்லை. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை மங்குஸ்தான் பழக்கடை போட்டிருந்தாள். அவள் கூவி விற்கிற சத்தத்தில் காது கிழிகிறது என்று ஒவ்வொரு சீசனிலும் ஆளை விட்டுச் சொல்லிப் பார்த்தார். அவள் இன்னும் கொஞ்சம் உரக்கக் கூவினாள்.

கடையநல்லூர் பரீது கொழும்புக்குக் கைலி கொண்டுபோய் விற்கிறவர். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆறுமுகநயினாரைப் பார்க்காமல் போக மாட்டார். அவர் வாயிலிருந்து விழும் வசவுகளைக் கேட்பதில் பரீதுக்கு ஒரு ருசி. ஒரு வைகாசி மாதம் அவர் துணியில் சுற்றிய பிளேட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அண்ணாச்சி, இதைக் கேட்டுட்டு ஏசும். ஏசணும்னுதான் அம்புட்டுத் தூரத்துலேருந்து கொண்டாந்திருக்கேன்."

முதல் பக்கம் நாடகப் பாட்டு. ஆர்மோனியம், தபலா, இடையில் சிரிப்பு. ஆறுமுகநயினார் பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பிப் போட்டார்.

அதில் ஒரு பெண் குரல். ஆர்மோனியம் இல்லை, சுருதிப்பெட்டிகூட இல்லை. வெறுங்குரல். ஒரு பதிகத்தின் முதல் பாட்டு. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் பூப்போல வைத்துக்கொண்டு போனாள். ஓர் அடி முடிந்து அடுத்த அடிக்கு அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்து ஊசி நடுவுக்குப் போய் உரசிக்கொண்டே இருந்தது. ஆறுமுகநயினார் எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து ஆவுடைத்தாய் எட்டிப் பார்த்தாள். "என்ன, ஒண்ணும் சொல்லக் காணும்? ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"காந்தாரபஞ்சமம்" என்றார் அவர் மெல்ல. "அப்பழுக்கில்லாத காந்தாரபஞ்சமம். யாரு வே இது?"

பரீது சிரித்தார். "அதான் வேடிக்கை. கொழும்புக் கடைக்காரன் சொன்னான், இவ உங்க பக்கத்து நாடகக்காரி, கம்பெனியோட வந்தவ அங்கன வச்சுப் பாடிட்டுப் போனான்னு. பிளேட்டுல போட்டிருக்கு பாரும், இலஞ்சி மாரித்தாய்."

மறுநாள் காலையில் ஆறுமுகநயினார் வண்டி கட்டிக்கொண்டு இலஞ்சிக்குப் போனார். எப்பேர்ப்பட்ட மனுஷியாக இருப்பாள் என்று வழியெல்லாம் யோசித்தார். எந்தப் பெரிய ஓதுவாரிடம் சிட்சை பெற்றாளோ, எத்தனை வருஷ சாதகமோ. ஆர்மோனியத்தைத் தள்ளிவிட்டு வெறுங்குரலில்தான் பாடுவேன் என்று பிளேட்டுக் கம்பெனிக்காரனோடு மல்லுக்கு நின்றிருப்பாள். அவள் வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தான். "சீசனுக்குக் கொட்டகை போட குத்தாலம் போயிருக்கா" என்றான். "உங்க சோடாக் கொட்டகைக்கு அடுத்த கடைதான் முதலாளி. மங்குஸ்தான் விக்குதாள்லா."

ஆறுமுகநயினார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்காரன் எங்கே போக என்று கேட்டதற்குக் குற்றாலப் பக்கமாகக் குடையை நீட்டினார். குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

குற்றாலத்தில் மாரித்தாய் கீற்று வேய்கிற ஆளை விரட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதை ஒட்டியவள். தடித்த உடம்பு. நாடக மேடையில் ராணி வேஷம் கட்டின நிமிர்வு இன்னும் இருந்தது. சோடாக் கம்பெனி முதலாளி தானே வருவதைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கடையே போடல. அதுக்குள்ள காது கிழிஞ்சிட்டாக்கும்?"

அவர் பிளேட்டைப் பற்றிச் சொன்னார். அவளுக்கு முதலில் எந்தப் பிளேட்டு என்றே நினைவு வரவில்லை.

"ஓ, அதுவா. அன்னைக்கு ஆர்மோனியக்காரனுக்கு வயித்தால போயிட்டு. ஒரு பக்கம் வாசிச்சான், பொறவு எந்திரிச்சு ஓடினவன் வரவேயில்ல. பிளேட்டுக் கம்பெனிக்காரன் பாட்டுப் பதியுத மெழுகு வீணாப் போகுது, எதையாவது பாடும்மான்னான். திரை தூக்க முன்ன நாங்க பாடுத பதிகத்தைப் பாடிவச்சேன்."

ஆறுமுகநயினார் விடவில்லை. "எந்த ஓதுவார்கிட்டப் பாடம்?"

"ஓதுவாரா? எங்க நாடக வாத்தியார்தான். இது கேதாரகௌளை, இழுத்துப் பாடு, ஜனங்க வெத்தலை எச்சியத் துப்பிட்டு வந்து உக்காரணும்லான்னாரு."

அதற்கு வேறு பேர் உண்டென்றும், அது காந்தாரபஞ்சமம் என்ற பண் என்றும், ஆயிரம் வருஷமாக மாறாமல் வருகிறதென்றும், தெரியாமலே அவள் அதைச் சுத்தமாகப் பாடியிருக்கிறாள் என்றும் அவர் நின்றபடியே நெடுநேரம் எடுத்துச் சொன்னார். மாரித்தாய் முழுக்கக் கேட்டாள்.

"ஆயிரம் வருசமா இப்படியேதான் பாடுதாங்கன்னு யாரு பக்கத்துல இருந்து கேட்டா?"

ஆறுமுகநயினாருக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தக் குரலுக்காக அடக்கிக்கொண்டார். கொழும்புப் பிளேட்டில் பதிகத்தின் கடைசிப் பாட்டு இல்லை. நடுவிலும் ஓரிடத்தில் குரல் மைக்கை விட்டு விலகிப்போகிறது. இதை இன்னும் நன்றாக, முதல் பாட்டும் கடைசிப் பாட்டுமாக, ஒரு குறையும் இல்லாமல் பதியவைக்க வேண்டும், சென்னப்பட்டணத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். அவள் யோசித்தாள். நாடகக் கம்பெனி கலைந்த பிறகு மேடை ஏறாத ஏக்கம் அவளுக்கும் இருந்திருக்கும். அதை வெளியே காட்டவில்லை.

"ஒரு பக்கம் உம்ம பண்ணு. மறுபக்கம் என் இஷ்டம். ஆர்மோனியம் உண்டு. பொறவு, உம்ம வீட்டு ஆச்சியும் கூட வரணும். ஊரு வாயி எனக்குத் தெரியும்."

ஆவுடைத்தாயிடம் சொன்னபோது அவள் வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைக்கத் தொடங்கினாள்.

திருநெல்வேலி ஏஜெண்டு மூலம் ஒரு பிளேட்டுக் கம்பெனியில் நாள் குறித்தார்கள். கொல்லத்திலிருந்து வருகிற ரயிலில் மூன்று பேரும் ஏறினார்கள். கடையநல்லூர் தாண்டுவதற்குள் பெண்கள் இருவரும் கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மாரி என்றும் அக்கா என்றும் கூப்பிட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். எதிர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சை எங்கே விட வேண்டும், எந்த எழுத்தை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று ஆறுமுகநயினார் சொல்லிக்கொண்டே வந்தார். மாரித்தாய் புளியோதரையைத் தின்றுகொண்டே தலையாட்டினாள். மதுரை வருமுன் அவள் தூங்கிவிட்டாள். அவர் ஆவுடைத்தாயைப் பார்த்து மிச்சத்தைச் சொன்னார்.

எழும்பூரில் இறங்கி, சத்திரத்தில் குளித்துச் சாப்பிட்டு, கம்பெனிக்குப் போனார்கள். பாடுகிற அறையின் சுவரெல்லாம் கனமான திரை தொங்கியது. ஜன்னலை அடைத்திருந்தார்கள். விசிறி கிடையாது. நடுவில் ஒரு மைக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெழுகுத் தட்டு சுற்றும் இயந்திரமும் அதைக் கவனிக்கிற ஆளும். சிவப்பு விளக்கு எரியத் தொடங்கினால் இங்கே யாரும் அசையக் கூடாது. "இது பழைய ஊதுகுழல் இல்லை. ஈ பறந்தாலும் பிடித்துவிடும்" என்றார் அந்த ஆள். பதிந்ததை அங்கேயே போட்டுக் கேட்க முடியாது. மெழுகில் ஊசியை வைத்தால் அது கெட்டுப்போகும். நன்றாக வந்ததா இல்லையா என்பது பிளேட்டாக அச்சடித்து வந்தால்தான் தெரியும்.

ஆறுமுகநயினார் முதல் வேலையாக ஆர்மோனியக்காரரை வெளியே அனுப்பச் சொன்னார். பிறகு, தான் அறைக்குள் இருந்தால்தான் பண் சரியாக வருகிறதா என்று பார்க்க முடியும் என்றார். கம்பெனி ஆளுக்கு அது பிடிக்கவில்லை. பாட்டுக்கு ஏற்பாடு செய்தவர் என்பதால், மூலையில் ஒரு நாற்காலி போட்டு, மூச்சுக்கூட விடக்கூடாது என்று எச்சரித்து உட்காரவைத்தார். ஆவுடைத்தாயைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

முதல் தடவை மாரித்தாய்க்கு இருமல் வந்துவிட்டது. இரண்டாம் தடவை நேரம் போதாமல் விளக்கு அணைந்துவிட்டது. மெழுகு இன்னும் ஒன்றுதான் தருவேன் என்றார் அந்த ஆள். மாரித்தாய் தண்ணீர் குடித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், ஆறுமுகநயினாரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கொழும்புப் பிளேட்டெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அந்தப் புழுக்கத்தில் அவர் உடம்பு சிலிர்த்தது. கடைசிப் பாட்டின் கடைசி அடியில், திரும்பி இறங்க வேண்டிய இடத்தில், அவள் தன்னை மறந்து குரலில் ஒரு நாடகச் சுழிப்பைச் சுழித்தாள். ராணி ராஜாவைப் பிரிகிறபோது போடுகிற சுழிப்பு. பண்ணுக்கு ஒட்டாதது அது. ஆனாலும் கல்லுப்போல உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுபக்கத்துக்கு அவள் ஆர்மோனியத்தோடு, மாமியாரைக் கேலி செய்கிற நாடகப் பாட்டு ஒன்றைப் பாடினாள். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்த சீசன் நடந்துகொண்டிருந்தபோது பிளேட்டு வந்தது. குற்றாலத்துச் சோடாக் கொட்டகையிலேயே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மாரித்தாய் பழக்கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தாள். ஆவுடைத்தாய் வந்திருந்தாள். பரீதும் ஊரில் இருந்ததால் வந்தார். ஆறுமுகநயினார் புது ஊசி போட்டு, சாவி கொடுத்து, பிளேட்டைத் துடைத்து வைத்தார்.

குரல் எழுந்தது. இரைச்சல் இல்லை. அவள் உதடு பிரிகிற ஓசைகூடக் கேட்டது. வெளியே சாரல் கீற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஆறுமுகநயினார் கண்ணை மூடியவர் திறக்கவேயில்லை. இத்தனை வருஷம் அலைந்ததற்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். கடைசிப் பாட்டு வந்தது. கடைசி அடி வந்தது. மாரித்தாய் அந்தச் சுழிப்பைச் சுழித்தாள்.

"ப்ச்" என்றது பிளேட்டு.

அவர் சட்டென்று ஊசியைத் தூக்கினார். "யாருலே அது?" என்று வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. ஊசியைச் சற்று முன்னால் வைத்தார். மறுபடியும் சுழிப்பு, மறுபடியும் "ப்ச்". பக்கத்தில் நின்று சொன்னதுபோல அவ்வளவு தெளிவு.

ஆவுடைத்தாய் முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "நீங்கதான். எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள்லேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். ரசத்துல உப்பு கொறைஞ்சா இதே சத்தம்தான்."

பரீது தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. மாரித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"மூச்சு எங்க விடணும், எழுத்தை எங்க நீட்டணும்னு ரயில்ல அம்புட்டுப் பாடம் நடத்தினீரே. நீரு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே. என் ஆயுசுல அப்படி ஒரு நாளு பாடினதில்ல. இனிமேயும் வராது. அதைப் போயி எச்சிப் பண்ணிட்டீரே."

அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரை பழக்கடையிலிருந்து கூவுகிற சத்தமே கேட்கவில்லை. ஆறுமுகநயினார் பெட்டியை மூடாமல் உட்கார்ந்திருந்தார். தன்னால் ஒரு பாட்டுக் கெட்டது என்பது அவர் வாழ்க்கையில் புதிய சங்கதி. அதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

திருநெல்வேலிக்கு ஓடிப்போய் ஏஜெண்டிடம் பிளேட்டை நிறுத்தச் சொன்னார். ஏஜெண்டு மறுத்துவிட்டார். மாமியார் பாட்டுக்காகப் பிளேட்டு நன்றாகப் போகிறதாம். மறுபக்கத்தில் என்ன சத்தம் இருந்தால் யாருக்கென்ன என்றார். தென்காசிக் காப்பிக் கிளப்பில் இரண்டு பக்கமும் ஓடியது. விஷயம் எப்படியோ வெளியே வந்துவிட்டது. ஆறுமுகநயினார் ரதவீதியில் நடந்தால் திரும்பிப் பார்க்கும்போது ஆள் தெரியாதபடி எவனாவது "ப்ச்" கொட்டுவான். ஊரைக் கிண்டல் செய்தே வளர்ந்த மனுஷன், ஊர் திருப்பிக் கொடுத்தபோது குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டு நடந்தார்.

இன்னொரு முறை சென்னைக்குப் போகலாம், தான் வரவில்லை, நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்று ஆவுடைத்தாய் மூலம் சொல்லி அனுப்பினார். மாரித்தாய் சம்மதிக்கவில்லை. அடுத்த வருஷம் உலக யுத்தம் தொடங்கிவிட்டது. கம்பெனி புதிதாகப் பதிவதைக் குறைத்துக்கொண்டது. மாரித்தாய் அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். ஆவுடைத்தாய் மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போகிற சாக்கில் அவள் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

யுத்தம் தொடங்கிய மறு வருஷச் சீசனில் ஓய்வுபெற்ற சப் ஜட்ஜ் ஒருவர் ஐந்தருவிச் சாலையில் பங்களா எடுத்தார். பழைய சங்கீதத்தில் பெரிய ஆராய்ச்சிக்காரர் என்று பேர். ஊரில் பண் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, ஆறுமுகநயினாரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனபோது ஏழெட்டுப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியில் மாரித்தாயின் பிளேட்டு சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள் உட்காரவைத்துவிட்டார்கள்.

"ப்ச்" வந்தது. ஜட்ஜ் ஊசியைத் தூக்கிவிட்டு, கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"கவனித்தீர்களா? இதுதான் விஷயம். பூர்வ காலத்தில் பண் பாடுகிறவர்கள் பதிகம் முடிகிற இடத்தில் நாவினால் ஒரு முத்தாய்ப்பு வைப்பார்கள். அந்த வழக்கு அற்றுப்போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. இந்த அம்மாளிடம் மட்டும் எப்படியோ தங்கியிருக்கிறது. நான் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர், தன் பாட்டனார் காலத்து ஓதுவாரிடம் இதைக் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

ஆறுமுகநயினார் பொறுத்துப் பார்த்தார். "அது முத்தாய்ப்பு இல்ல ஐயா" என்றார். "அது நான்."

ஜட்ஜுக்குப் புரியவில்லை. அவர் நடந்ததைச் சொன்னார். சுழிப்பு பிடிக்காமல் தன் வாயிலிருந்து வந்த சத்தம் என்று ஒளிக்காமல் சொன்னார். வெளி ஆட்களிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜ் கையமர்த்தினார். சாட்சியை விசாரிக்கிறவர்போல முன்னால் சாய்ந்தார்.

"எங்கே, இப்போது செய்து காட்டும்."

ஆறுமுகநயினார் "ப்ச்" என்றார்.

ஜட்ஜ் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொரு தடவை."

"ப்ச்."

"இல்லை" என்றார் ஜட்ஜ். "ஏதோ கொஞ்சம் சாயல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளேட்டில் இருப்பதில் ஒரு பக்தி பாவம் இருக்கிறது. நெடுநாள் அப்பியாசம் இருக்கிறது. உம்முடையதில் அது இல்லை. வருத்தப்படாதீர்."

ஆறுமுகநயினார் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆவுடைத்தாயிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமைகூட இல்லை. ஆனாலும் முதல் வேலையாக இலஞ்சிக்குப் போய்விட்டு வந்தாள்.

அன்று மத்தியானம் அவர் கொட்டகையில் காலிப் புட்டிகளைக் கழுவவைத்துக்கொண்டிருந்தார். மாரித்தாய் பழக்கடையை விட்டு எழுந்து வந்து, தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்து ஓய்ந்த முகம்.

"அந்த ஜட்ஜு எத்தனை பேருக்குத் தீர்ப்புச் சொல்லியிருப்பாரு முதலாளி?"

"ஆயிரம் பேரு இருக்கும்."

"குத்தம் பண்ணாத எத்தனை பாவம் ஜெயில்ல கெடந்துதோ" என்றாள் அவள். உள்ளே வந்து பெஞ்சியில் உட்கார்ந்தாள். "தொண்டை காஞ்சு கெடக்கு. ஒரு சோடா உடையும்."

அவர் தாமே ஒரு புட்டியை எடுத்துக் கோலியை அழுத்தினார். அவள் வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"கேஸு பத்தல" என்றாள்.